அந்த ‘மாதிரி’ எதற்கு?

நடுவர் அவர்களுக்கும், சக பேச்சாளர்களுக்கும், மண்டபத்துக்குள் இடம் இல்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம் மலேசிய மண்ணின் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

‘வசதியான வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண், அந்தக் குடும்பத்தில் ஒருத்தியா? சம்பளத்துக்கு வந்த தொழிலாளியா?’ இதுதான் இன்றைய தலைப்பு. நான் தொழிலாளி என்று சொல்லும் அணி. எனக்கு முன்னால் எதிரணி டீச்சர் பேசியபோது முன்வரிசையில் இரண்டு பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். டீச்சர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். கணக்கு டீச்சர் வந்து கண்ணீர் பேசிவிட்டுப் போய்விட்டார். ஏழு வருடம் பிள்ளை தூக்கிய நான்தான் இப்போது கணக்குப் பேச வேண்டியிருக்கிறது.

டீச்சர் செவிலித்தாயில் ஆரம்பித்தார். பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் சொன்ன இனம் நம் இனம், தாய் என்ற சொல்லையே அவளுக்கும் கொடுத்தோம் என்றார். உண்மைதான். ஆனால் சொல்லைக் கொடுத்தோம், வேறு என்ன கொடுத்தோம்? நற்றிணையில் 110ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பொற்கலத்தில் தேன் கலந்த பால். குடிக்க மாட்டேன் என்று ஓடுகிறது பணக்கார வீட்டுப் பெண்பிள்ளை. கையில் சிறு கோலோடு பின்னால் ஓடுகிறவர்கள் யார்? நரைத்த முடி உள்ள செவிலியர். ஓடி ஓடிக் களைத்து நின்றுவிடுகிறார்கள். படிக்கிறவர்கள் எல்லாரும் பிள்ளையின் குறும்பை ரசிக்கிறோம். எனக்கு அந்த நரைத்த முடிதான் கண்ணில் படுகிறது. அந்த வயதிலும் வேலை விட்டபாடில்லை!

இன்னொன்று. தலைவிக்குத் தோழியாக வருகிறாளே, அவள் யார்? செவிலியின் மகள். நான் சொல்லவில்லை, தொல்காப்பியம் சொல்கிறது. அம்மா அந்த வீட்டுப் பிள்ளையை வளர்த்தாள், மகள் அந்தப் பிள்ளைக்குத் துணையாகக் கூடவே நடந்தாள். செவிலியின் மகள் தலைவியாகவும், வீட்டுக்காரி மகள் தோழியாகவும் ஒரு பாட்டிலாவது மாறி வந்ததுண்டா டீச்சர்? நம் தோட்டங்களிலும் இதுதான் நடந்தது. துரை பங்களாவில் பிள்ளை தூக்கியவளின் மகள், வளர்ந்ததும் அதே பங்களாவின் சமையல்கட்டுக்குப் போனாள்.

சரி, இலக்கியத்தை விடுவோம். என் கதைக்கு வருகிறேன்.

1993ஆம் வருடம். எனக்குப் பதினெட்டு வயது. இந்த ஊரை ஒட்டிய தோட்டம் ஒன்றில்தான் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். தோட்டம் கைமாறப் போகிறது, வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்ற பேச்சு வந்த சமயம். பக்கத்து வீட்டுத் தோழி தொழிற்சாலைக்குப் போனாள். நான் ஈப்போவில் பஸ் ஏறிக் கோலாலம்பூரில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதக் கைக்குழந்தை, ஆண் பிள்ளை. அவன்தான் நான் தம்பி என்று சொல்லப்போகிறவன். சம்பளம் முந்நூறு ரிங்கிட், நம் பேச்சில் முந்நூறு வெள்ளி; அதோடு சாப்பாடு, தங்க இடம். தங்க இடம் என்றால் தனி அறை என்று நினைக்காதீர்கள். தம்பியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை. அதாவது ராத்திரியும் வேலை, படுத்துக்கொண்டே பார்க்கும் வேலை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எதிரணி அண்ணன் எழுந்து ‘எல்லா முதலாளியும் அப்படி இல்லை’ என்று ஐந்து நிமிடம் பேசிவிடுவார். என்னை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் தீபாவளி அன்று டத்தோ வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. இருநூறு பேர் வருவார்கள், தம்பியை யார் பார்ப்பது? அதனால் எனக்குத் தீபாவளி மூன்றாம் நாள்தான். அம்மா ஒரு முறுக்கு டின்னை எடுத்துத் தனியாக வைத்திருப்பார். ஏழு வருடமும் நான் தின்றது நமத்த முறுக்கு.

இரண்டாவது வருடம் தைரியம் வந்து கேட்டேன். ‘மேடம், மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு வேணும்.’ அந்த அம்மா கோபப்படவே இல்லை. என் தோளில் கை வைத்து, ‘நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. வீட்டுப் பொண்ணு யாராவது லீவு கேப்பாளா?’ என்றார்.

நான் உருகிப்போய்விட்டேன் நடுவர் அவர்களே. அறைக்குப் போய்க் கொஞ்சம் அழக்கூட செய்தேன். லீவு கிடைக்கவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

அந்த வீட்டின் உண்மையான பெண் ஒருவர் இருந்தார், டத்தோவின் தங்கை. மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருடத்தில் மூன்று மாதம் லீவு. வீட்டுக்கு வந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார், எழுந்ததும் அவருக்குக் கோப்பி கலக்குவது நான். ‘வீட்டுப் பொண்ணு’ வேறு, ‘வீட்டுப் பொண்ணு மாதிரி’ வேறு. அந்த ‘மாதிரி’ என்ற ஒரு சொல்லில்தான் என் ஏழு வருட ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறது. துணிக்கடைக்காரர் மாதிரி என்று ஒரு துண்டு வெட்டிக் காட்டுவார். அதை வைத்துச் சட்டை தைக்க முடியுமா?

எதிரணி அண்ணன் கேட்டார், ‘லங்காவிக்குப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டுதானே போகிறார்கள், தொழிலாளியை யாராவது சுற்றுலா கூட்டிப்போவார்களா?’ என்று. நானும் லங்காவி போனேன் அண்ணே. கடல் இருந்தது. இடுப்பில் தம்பி இருந்தான். ராத்திரி சீஃபுட் கடையில் எல்லாரும் உட்கார்ந்ததும் தம்பி சிணுங்கினான். அவனைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நடந்தேன், மீன் தொட்டியைக் காட்டினேன், பூனையைக் காட்டினேன். அவர்கள் கை கழுவி வந்த பிறகு நான் உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு நண்டை எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆறிப்போன நண்டு.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார்: பிள்ளையின் முதல் நடையைப் பார்க்கிற பாக்கியத்துக்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் ஈடாகுமா என்று. அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு புதன்கிழமை, மத்தியானம், சோபாவிலிருந்து என்னை நோக்கி நான்கு எட்டு வைத்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் அம்மா முன்னால் நடந்தான். ‘முதல் தடவையா நடக்கிறான்!’ என்று அவர் கத்திக்கொண்டே கேமராவைத் தேடி ஓடினார். நானும் அப்போதுதான் பார்ப்பதுபோல் கைதட்டினேன். அந்தக் கைதட்டல் பாசமா, வேலையா? இரண்டும்தான். பெற்றவள் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வதும் இந்த வேலையில் சேர்ந்தது. அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், சம்பளத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

சம்பளம் என்று பேசினால் பாசம் கெட்டுவிடும் என்கிறார்கள். என் பாட்டி எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஆயா. விடியும் முன்னே, அம்மாமார்கள் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடும்போது, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். வரிசையாகப் புடவைத் தொட்டில். பாட்டி பெயர் தோட்டத்து செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், இருந்தது. பால் வெட்டுகிறவருக்குப் பேர் போடுவதுபோல அவருக்கும் பேர் போட்டார்கள், சம்பள நாளில் வரிசையில் நின்று வாங்கினார். அவரை யாரும் ‘எங்க குடும்பத்துல ஒருத்தி’ என்று சொன்னதில்லை. ஆனால் அவர் இறந்தபோது அந்தக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகள், மீசை வைத்த ஆம்பிளைகள், லாரி எடுத்துக்கொண்டு வந்தார்கள். செக்ரோலில் பேர் இருந்ததால் பாசம் குறைந்துவிட்டதா? டீச்சர், நீங்கள் மாதச் சம்பளம் வாங்குகிறீர்கள். உங்கள் மாணவர்கள் மேல் உங்களுக்கு அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் விடுவீர்களா?

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன், இதுதான் என் கட்சியின் முதுகெலும்பு. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வீட்டு வேலையாள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சமையல்காரர், தோட்டக்காரர், துணி துவைப்பவர், காவல்காரர், குதிரை பார்க்கிறவர், காரோட்டி. அதே வரியில் குழந்தை பார்க்கிறவரும் இருக்கிறார். குதிரை பார்க்கிறவரோடு ஒரே பட்டியலில்! டீச்சர், இதில் செவிலித்தாய் எங்கே வருகிறார்?

மற்ற தொழிலாளிக்கு வார ஓய்வு நாள், வேலை நேரத்துக்கு வரம்பு, பிரசவ விடுப்பு என்று அந்தச் சட்டம் கொடுத்ததில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கிடையாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்த ஆணையிலும் வீட்டு வேலையாளுக்கு இடமில்லை. ஓய்வுக்காலத்துக்கான சேமநிதி? கட்டாயமில்லை, மனசு வந்தால் கட்டலாம். சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம் மட்டும் 2021 ஜூனில் வந்து சேர்ந்தது. 2023இல் சட்டத்தில் ‘வேலைக்காரர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வீட்டு ஊழியர்’ என்று மாற்றினார்கள். பேர் மரியாதையாகிவிட்டது. மரியாதைக்குள்ளே வைக்க வேண்டிய உரிமை இன்னும் வரவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால், வீட்டு வேலையாளை 14 நாள் நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம். நோட்டீஸ் கொடுக்க நேரமில்லையா? 14 நாள் சம்பளத்தைக் கொடுத்தால் போதும். எதிரணியில் நான்கு பேர் இருக்கிறீர்கள், எல்லாரும் குடும்பஸ்தர்கள். உங்கள் அக்காவுக்கு, அத்தைக்கு 14 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பாருங்கள். அத்தை என்ன சொல்கிறார் என்று அடுத்த பட்டிமன்றத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு நோட்டீஸ்கூட வரவில்லை. 2000ஆம் வருடம் தம்பியைத் தங்கும் பள்ளியில் சேர்த்தார்கள். ‘இனிமே வேலை இல்லையேம்மா’ என்றார்கள். ஏழு வருடத்தில் அந்த வாயிலிருந்து ‘வேலை’ என்ற சொல் வந்தது அன்றுதான், அதுவும் ‘இல்லை’ என்பதோடு சேர்ந்து. தொழிற்சாலைக்குப் போனாளே என் தோழி, அவளுக்கும் எனக்கும் இப்போது ஐம்பது வயது. ஐம்பதில் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம். எடுத்தாள், வீட்டுக் கூரையை மாற்றினாள். அவளை யாரும் வீட்டுப் பொண்ணு மாதிரி என்று சொன்னதே இல்லை, பாவம்!

போன வருடம் தம்பிக்குக் கல்யாணம். பெரிய ஹோட்டல். பத்திரிகையை அவனே இங்கே கொண்டுவந்து கொடுத்தான். மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலில் விழுந்தான். எதிரணி இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம், நானும் சந்தோஷப்பட்டேன். அந்தப் பிள்ளை எனக்குப் பிள்ளைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டியவன் அவன் இல்லையே.

அப்புறம் அவன் அம்மா என்னைச் சம்பந்தி வீட்டாரிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினார். ‘இவங்கதான் எங்க வீட்டுல ஏழு வருஷம் வேலை பார்த்தவங்க.’ என்னோடு வந்த சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘பாத்தியா, வேலைக்காரின்னு சொல்லிட்டாங்க’ என்று காதில் முணுமுணுத்தார். எனக்கோ அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. வீட்டுப் பொண்ணு இல்லை, மாதிரியும் இல்லை. வேலை. எத்தனை வருடம் என்பதும் அவர் வாயாலேயே வந்துவிட்டது. நடுவர் அவர்களே, சாட்சிக்கு இரு வீட்டார் இருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. இன்று 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி கட்டுகிறார். அந்தக் காலத்தில் அது 12. முந்நூறு வெள்ளியில் ஆரம்பித்து நானூற்றைம்பதில் முடிந்த ஏழு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று, பதிலுரைக்கு வரும்போது, கணக்கு டீச்சர் போட்டுக்கொண்டு வரட்டும். வணக்கம்.