இடது கை மடியில் இருக்கட்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலம் முழுவதும் கழுத்துப் பட்டையோடு வேலை பார்த்தேன். ஞானப்பல் பிடுங்க வந்த பெரியவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி என்னையே உற்றுப் பார்த்தார். "என்னம்மா, எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா?" என்றார். "இல்லை ஐயா, இருபது வருடம் குனிந்து குனிந்து பல் பார்த்ததில் வந்தது" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் படுங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். சிரித்ததில் கழுத்து இன்னும் வலித்தது.

பல் மருத்துவமனை என்றாலே வலியும் பயமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயமெல்லாம் படுத்திருப்பவருக்கே சொந்தம். மேலே குனிந்திருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் வாய் திறப்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்வதுதானே எங்கள் வேலை!

மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை நேராகப் பார்க்க வழியில்லை. சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே கை வேலை செய்ய வேண்டும். கல்லூரியில் இதைப் பழக்குகிறார்கள். ஆனால் வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது கண்ணாடியை நம்பப் பொறுமை இருப்பதில்லை. கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்துவிடுகிறோம். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். முன்னால் சாய்ந்தால் பிடரித் தசைகள் இழுத்துப் பிடித்தாக வேண்டும். ஒரு வேர் சிகிச்சைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். 5 கிலோ அரிசிப் பையை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்று பாருங்கள், புரிந்துவிடும்.

எங்களுக்கு முந்தைய தலைமுறை நின்றுகொண்டே வேலை பார்த்தது. 1957இல் அமெரிக்காவின் ஜான் போர்டன், காற்றின் விசையில் நிமிடத்துக்கு 3 லட்சம் முறை சுழலும் ஏரோட்டர் என்ற பல் துளைக்கும் கருவியைக் கொண்டுவந்தார். உங்களை நடுங்கவைக்கும் அந்தக் கீச்சொலி அதன் குரல்தான். உங்கள் காதில் அது சில நிமிடங்கள் ஒலிக்கிறது, எங்கள் காதில் நாள் முழுவதும். அடுத்த ஆண்டே முழுதாகச் சாய்ந்து படுக்கும் நாற்காலியும் வந்தது. நோயாளி படுத்துக்கொண்டார், நாங்கள் உட்கார்ந்தோம். கால் பிழைத்தது, கழுத்து மாட்டிக்கொண்டது.

கழுத்தாவது வலித்துச் சொல்லிவிடும். கைக்கு வரும் கேடு சத்தமில்லாமல் வருவது. ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ இரண்டு மாதத்திலேயே ஜெர்மனியில் வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். கதிருக்கு முன்னால் அசையாமல் 25 நிமிடம் இருந்தார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ் 1896இலேயே இந்த வித்தையில் இறங்கிவிட்டார். அந்தக் காலத்து எக்ஸ்ரே குழாய் ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. கதிர் போதுமான அளவு வருகிறதா என்று பார்க்க, குழாய்க்கு முன்னால் தன் கையையே நீட்டுவார். திரையில் விரல் எலும்புகள் தெளிவாகத் தெரிந்தால் குழாய் சரி. தினமும் இப்படித்தான். வலி இல்லை, சூடு இல்லை, அதனால் சந்தேகமும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துக் கையில் புண் வந்தது, புண் புற்றுநோயானது. அறுவை மேல் அறுவையாக முதலில் விரல்கள் போயின, பிறகு கை போனது. 1928இல் வேதனை தாளாமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு ஒன்று. பாஸ்டன் நகரத்தில் வில்லியம் ராலின்ஸ் என்று இன்னொரு பல் மருத்துவர் இருந்தார். எக்ஸ் கதிர் கினிப் பன்றிகளைக் கொல்கிறது என்று சோதித்துப் பார்த்து 1901இலேயே எழுதினார். குழாயைக் கதிர் கசியாத பெட்டிக்குள் வையுங்கள் என்றும் சொன்னார். கேட்டவர்கள் குறைவு. எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாமல் போனதாக எங்கள் தொழிலில் யாரும் சொல்லிவிட முடியாது.

இன்றைய கருவியில் கதிர் மிகக் குறைவு. மருத்துவர் ஆறடி தள்ளி, கதிர் போகும் திசைக்குப் பக்கவாட்டில் நின்றால் போதும். அப்படியும், குழந்தை அழுகிறது, ஃபிலிம் நழுவுகிறது என்று தன் விரலாலேயே பிடித்துக்கொள்ளும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை அழுதால் அம்மாவுக்கு ஈயக் கவசம் மாட்டி அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். அவருக்கு அது வாழ்நாளில் ஒரு முறை, இரு முறை. எங்களுக்கு அப்படியா?

நான் படித்த காலத்தில் சொத்தைப் பல்லை அடைக்க வெள்ளி அடைப்புதான் ராஜா. அதன் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். சின்ன உரலில் வெள்ளிப் பொடியையும் பாதரசத்தையும் அரைப்போம். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்ப்போம். துணியில் முடிந்து பிழிந்தால் மிச்சப் பாதரசம் முத்து முத்தாகத் தெறிக்கும். தரையில் ஓடும் உருண்டைகளைக் காகிதத்தால் கூட்டி விளையாடியதுகூட உண்டு. அறை வெப்பத்திலேயே பாதரசம் ஆவியாகும், அதைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தோம். பிறகு பூட்டிய கேப்ஸ்யூலில் வந்தது, கை தப்பியது. 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை, வெள்ளி அடைப்பையும் குறைத்துக்கொண்டே வரச் சொல்கிறது.

நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்க்குச் சிகிச்சை பெற்ற 894 பேரில் ஒன்பது பேர் பல் மருத்துவத் துறையினர். எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட அது 23 மடங்கு. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2018இல் இதை வெளியிட்டபோது, காரணம் இதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் பல்செட் தேய்க்கும்போது பறக்கும் தூளை நான் அதற்குப் பிறகு பழைய கண்ணோடு பார்க்கவில்லை. முகக்கவசம் இல்லாமல் தேய்க்கும் டெக்னீசியனைக் கண்டால் சண்டைதான்.

இனி ஊசி. பல் மரத்துப்போகப் போடும் ஊசி நீளமானது, மெல்லியது. போட்டு முடித்ததும் மூடியை இடது கையில் எடுத்து, வலது கையில் இருக்கும் ஊசியில் செருகுவோம். இரண்டு கையும் நெருங்கும் அந்த ஒரு நொடியில்தான் குத்தும். நோயாளியின் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தீவிரமாக இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். எச்.ஐ.வி. என்றால் 0.3 சதவீதம். எல்லாரும் அஞ்சுவது பின்னதற்கு. நியாயமாக அஞ்ச வேண்டியது முன்னதற்கு. அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்து, எதிர்ப்புச் சக்தியின் அளவு 10 அலகாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடி போட ஒரு கை போதும். மூடியைத் தட்டில் படுக்க வைத்து, ஊசி முனையால் அதை அள்ளி எடுத்து நிமிர்த்த வேண்டும். இடது கைக்கு அங்கே வேலையே இல்லை.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்த நான் ஒன்றை மறந்திருந்தேன். ஊசியைப் பிடிப்பது என் கை. அதைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோவது யார் கை? கூர்மையான கருவிகளை எல்லாம் ஒரே தட்டில் அள்ளிப் போய்த் தேய்ப்பவர் எங்கள் உதவியாளப் பெண். ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு கருவி ஒன்று அவர் விரலில் ஏறிவிட்டது. என்னிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துத்தான் கேட்டேன். "ஒன்றுமில்லை டாக்டரம்மா, சும்மா கீறல். திட்டுவீர்களோ என்று..." என்று இழுத்தார். குத்தியதும் என்ன செய்தீர்கள் என்றேன். விரலை வாயில் வைத்துச் சப்பினாராம். நம் எல்லாருக்கும் அதுதானே முதலில் தோன்றும்! சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்றோ, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்றோ நான் அவருக்குச் சொல்லித்தந்ததே இல்லை. தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்றும் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னுடைய தடுப்பூசி அட்டை மட்டும் பத்திரமாக மேஜை இழுப்பறையில் இருந்தது.

அந்தத் தட்டில் எட்டுப் பேருடைய கருவிகள் கிடந்தன. குத்தியது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். 28 நாள் மாத்திரை, ஹெபடைடிஸ் தடுப்பூசி, ஆறு மாதம் வரை ரத்தப் பரிசோதனைகள். அந்த ஆறு மாதமும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நல்லவேளையாக எல்லாம் சுத்தமாக வந்தன. இப்போது கழுவுமிடத்தில் முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை தொங்குகிறது. ஊசிகள் நாற்காலி அருகிலேயே வெள்ளை நிறக் குத்தாத டப்பாவுக்குள் போய்விடுகின்றன. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளும் கூர்மையான கழிவை அப்படித்தான் போடச் சொல்கின்றன. அந்த டப்பா இந்தச் சம்பவத்துக்கு முன்பும் என் அறையில் இருந்தது, மூலையில், எட்டாத தூரத்தில்.

அவர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் ஒரு நாள், கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, வெளியே கூட்டம். ஊசி போட்டுவிட்டு மூடியை எடுக்க என்னையறியாமல் இடது கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவர், "டாக்டரம்மா" என்றார். அவ்வளவுதான். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வணக்கம்.