டிராக்டர்ல மணி, கார்ல கிலோமீட்டர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்டுக்காரர் நடத்துற கார் ஒர்க்ஷாப்ல கணக்கு எழுதுறவ. மெக்கானிக் கிடையாது, முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாராவது போன் பண்ணி கிளட்ச் ஏன் நாறுதுன்னு கேட்டா எனக்கு தெரியாது, போன அவர் கையில குடுத்துடுவேன். ஆனா நோட்டு என்னுது. கடை திறந்தது 1996ல, ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை அப்போ மூடியே தான் இருந்துச்சு, 2009ல தான திறந்தாங்க, அதுக்குள்ள நான் ஏழெட்டு லாங் சைஸ் நோட்டு எழுதி முடிச்சிருந்தேன். தேதி, வண்டி நம்பர், கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு ஆச்சு. இந்த அஞ்சு கட்டம் தான். இத்தன வருஷமா இத எழுதி எழுதி எனக்கு ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சு, அத சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்.

புது கார் வாங்கினவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணு தான். "அக்கா, ஆயில் எப்போ மாத்தணும்?" நான் திருப்பி கேப்பேன், உங்க வண்டி எத்தன மணி நேரம் ஓடிச்சு? உடனே முழிப்பாங்க. கிலோமீட்டர் தெரியும், மணி யாருக்கும் தெரியாது.

எனக்கு இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, எங்க ஊர் ஊத்தங்கரை பக்கம், அப்பா டிராக்டர் வெச்சிருந்தார். டிராக்டர் மீட்டர்ல மணி ஏறும், பாத்திருப்பீங்க. ஏர் பூட்டி ஒரே வயல்ல நாள் பூரா சுத்தினா எத்தன கிலோமீட்டர் ஆகும் சொல்லுங்க, ஒண்ணும் பெருசா ஆகாது, ஆனா என்ஜின் காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் சுத்திட்டே இருக்கும். அதனால தான் டிராக்டருக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவ ஆயில்னு வெச்சிருந்தாங்க. அப்பா மாட்டுக்கொட்டா சுவத்துல கரித்துண்டால மீட்டர் நம்பர எழுதி வெப்பார். சின்ன புள்ளையில நான் தான் அந்த கூட்டல் கழித்தல் எல்லாம் போடுவேன், 250 நெருங்கினா அப்பாகிட்ட ஓடிப்போய் சொல்லணும், அதுக்கு ஒரு கடலை மிட்டாய். ஜெனரேட்டருக்கும் மணி தான், ஜேசிபிக்கும் மணி தான். காருக்கு மட்டும் கிலோமீட்டர்னு வெச்சுட்டாங்க, ஏன்னா கார் போறதுக்குன்னு செஞ்சது. நம்ம பெங்களூர்ல கார் எங்கங்க போகுது, நிக்குது!

இப்போ கணக்க பாருங்க, பேப்பர் பேனா வேண்டாம், காதால கேட்டாலே புரியும். புது கார்ல நிறைய வண்டியில ஆவரேஜ் ஸ்பீடுன்னு ஒண்ணு டிஸ்ப்ளேல காட்டும். மைலேஜ் இல்ல, அது வேற, இது சராசரி வேகம். அத போய் பாருங்க. எங்க கடைக்கு வர்ற ஆபீஸ்காரங்க வண்டியில நான் எட்டிப் பாத்தா 14, 15, 16 இப்படி தான் இருக்கும், ஸில்க் போர்ட் பக்கம் போறவங்களுக்கு இன்னும் கம்மி. சரி 14னு வெச்சுக்குவோம். 10 ஆயிரம் கிலோமீட்டர 14ஆல வகுத்தா 700 மணி நேரத்துக்கு மேல வருது. அதே கார் கிருஷ்ணகிரி, வேலூர், சென்னைன்னு ரோட்டுலயே 60ல ஓடினா அதே 10 ஆயிரத்துக்கு 170 மணி நேரம் கூட ஆகாது. ரெண்டு காரும் மீட்டர்ல 10 ஆயிரம் தான். ஒண்ணு 170 மணி, ஒண்ணு 700 மணி. ஆயிலுக்கு மீட்டர் தெரியுமா, சூடு தெரியும், எரியாத பெட்ரோல் தெரியும், புகை தெரியும், அவ்வளவு தான்.

இத கேட்டுட்டு ஒரு தம்பி, சாஃப்ட்வேர்ல இருக்கறவர், அப்போ நானும் 250 மணிக்கு மாத்திடட்டுமாக்கான்னு கேட்டார். வேண்டாம்ப்பா. டிராக்டர் ஏர் இழுக்கறதும் கார் சிக்னல்ல சும்மா நிக்கறதும் ஒண்ணு கிடையாது, அந்த நம்பர அப்படியே தூக்கி இங்க ஒட்ட வெக்கக் கூடாது. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், கிலோமீட்டர் மட்டும் பாக்காதீங்க.

அப்போ எத பாக்கறது? வண்டியோட குடுத்த புஸ்தகம் இருக்குல்ல, டேஷ்போர்டு டப்பால பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம கிடக்குமே, அத எடுங்க. மெயின்டனன்ஸ் பக்கத்துல இத்தன கிலோமீட்டர் இல்லன்னா இத்தன மாசம், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருப்பாங்க. இப்போ நிறைய பெட்ரோல் காருக்கு 10 ஆயிரம் இல்லன்னா ஒரு வருஷம்னு இருக்கு, சிலதுக்கு அதுக்கு மேலயும் இருக்கு, உங்க வண்டிக்கு உங்க புஸ்தகம் தான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இல்ல. ஆனா அதோட நிறுத்தாதீங்க, இன்னும் ரெண்டு பக்கம் தள்ளினா பொடி எழுத்துல இன்னொரு பட்டியல் இருக்கும், கடினமான பயன்பாடுன்னு. தூசி ரோடு, சின்ன சின்ன தூரம், ரொம்ப நேரம் நின்னுட்டு ஓடற என்ஜின், மெதுவா நகர்ற டிராஃபிக். இப்படி ஓட்டினா சீக்கிரமே மாத்துன்னு இருக்கும், சிலதுல பாதி தூரத்துலயேன்னு இருக்கும். கடினமான பயன்பாடுன்னா மலை ஏறறது, பாரம் இழுக்கறதுன்னு நாம நெனைக்கறோம். மாரத்தஹள்ளில மெட்ரோ வேலை தூசில ஒரு மணி நேரம் முதல் கியர்லயே ஊர்ந்து போறது தாங்க அது. நாம எல்லாருமே அந்த பொடி எழுத்துக்காரங்க தான்.

இப்போ டீச்சரம்மா கதைக்கு வரேன். இத சொல்லாம நான் எங்கயும் பேச்ச முடிச்சதே இல்ல, எங்க பொண்ணு கூட கிண்டல் பண்ணுவா, மறுபடியும் டீச்சரம்மாவான்னு. காக்ஸ் டவுன்ல ரிடையர் ஆன டீச்சர், புது கார், பெட்ரோல், அவ்வளவு ஆசையா வெச்சிருந்தாங்க, சீட்டு மேல துண்டு விரிச்சு தான் உக்காருவாங்க. நாலு வருஷம் கழிச்சு எங்க கடைக்கு வந்தாங்க, காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு சத்தம் வருதுன்னு. நான் நோட்டுல எழுத கிலோமீட்டர் பாத்தேன், 8,600. நாலு வருஷத்துக்கு! கடைசியா ஆயில் எப்போ மாத்தினீங்கம்மான்னு கேட்டேன். "இன்னும் 10 ஆயிரம் ஆகலயேம்மா"ன்னாங்க. முதல் மாசம் ஷோரூம்ல சும்மா செக் பண்ணி குடுத்தாங்களே, அதோட சரி. வண்டி போறது எங்கன்னா ரஸல் மார்க்கெட், சோமேஸ்வரர் கோயில், அக்கா வீடு. எல்லாம் ரெண்டு மூணு கிலோமீட்டர், போய் நிறுத்தி, ஆற விட்டு, திரும்பி வரும்.

எங்க வீட்டுக்காரர் ஆயில் ஊத்தற மூடிய திருகி எடுத்து என்கிட்ட காட்டினார். மூடிக்கு அடியில மோர்க்குழம்பு. சத்தியமா அதே கலர், அதே கெட்டி. விரலால வழிச்சா வழியுது. டீச்சரம்மா பாத்துட்டு "ஐயோ இது என்ன, யாராவது எதையாவது ஊத்திட்டாங்களா"ன்னு கேட்டாங்க. யாரும் ஊத்தல. என்ஜின்ல பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும், அதுல கொஞ்சம் ஆயில் பக்கம் இறங்கும். வண்டி நல்லா சூடாகி அரை மணி நேரம் ஓடினா அந்த தண்ணி ஆவியா வெளிய போயிடும். தோசைக்கல்லு காயாம தண்ணி தெளிச்சா என்ன ஆகும், அப்படியே தேங்கி நிக்கும்ல, அதே தான். ரெண்டு கிலோமீட்டர்ல கல்லு காயறதுக்குள்ள அடுப்ப அணைச்சா தண்ணி உள்ளயே தங்கி ஆயிலோட கலந்து மோர்க்குழம்பு. மூடியில மட்டும் இப்படி கொஞ்சமா இருந்தா பயப்பட வேண்டாம், அடியில இருக்கற ஆயிலே முழுக்க காபி கலர்ல பால் மாதிரி இருந்தா அது ரேடியேட்டர் தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம், அது வேற, அது பெரிய வேலை, வண்டிய ஓட்டவே கூடாது. டீச்சரம்மாவுக்கு அப்படி இல்ல. ஆனா கீழ போல்ட்ட கழட்டினா ஆயில் ஒழுகவே யோசிச்சுச்சு, கெட்டியா, வத்தக்குழம்பு மாதிரி, சொட்டு சொட்டா. சேம்பர், அதான் அடியில ஆயில் தங்கற தொட்டி, அத கழட்டினா ஆயில் உறிஞ்சற இடத்துல இருக்கற ஜல்லடை பாதி அடைச்சிருக்கு. அதான் காலையில மேல ஆயில் ஏற நேரம் ஆகி டிக் டிக்.

"நான் ஓட்டவே இல்லையேம்மா, ஓட்டாத வண்டியில ஆயில் எப்படி கெடும்"னு அவங்க கேட்டது இன்னும் காதுல இருக்கு. நான் சொன்னேன், தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் மிச்சத்த மூடி வெச்சு அடுத்த தீபாவளிக்கு திறந்து பாருங்க டீச்சர், நீங்க தொடவே இல்ல, ஆனா சிக்கு வாடை வருதா இல்லையா. அவங்க சிரிச்சுட்டாங்க, பில் பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு, அது வேற விஷயம்.

அதே நோட்டுல அடுத்த பக்கத்துலயே ஏர்போர்ட் டாக்ஸி தம்பி ஒருத்தர் இருப்பார், தேவனஹள்ளிக்கும் ஊருக்கும் ராத்திரில காலி ரோட்டுல ஓடறவர், ரெண்டு மாசத்துல 10 ஆயிரம் தாண்டிடும், அவர் வண்டி ஆயில் வடிச்சா தண்ணி மாதிரி சரசரன்னு வரும். அவர் வண்டி 2 லட்சம் தாண்டியும் சத்தம் இல்ல. அதனால தான் சொல்றேன், மறுபடியும் சொல்றேன், கிலோமீட்டர் மட்டும் பாக்காதீங்க, வருஷம் முடிஞ்சா கிலோமீட்டர் எவ்வளவா இருந்தாலும் மாத்திடுங்க.

கலர பாத்து சொல்லலாமான்னு கேப்பாங்க. டீசல் வண்டியில புது ஆயில் ஊத்தி கொஞ்ச நாள்லயே கருப்பாயிடும், கரிய பிடிச்சு வெச்சுக்கறது தான் அந்த ஆயிலோட வேலை, கருப்பானா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. பெட்ரோல் தேன் கலர்ல இருந்து மெல்ல மெல்ல கறுக்கும். கலர விட அளவு முக்கியம். வண்டிய சமமான இடத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, அந்த டிப்ஸ்டிக் குச்சிய இழுத்து, துணியால துடைச்சு, மறுபடி முழுசா சொருகி, மறுபடி எடுத்து பாக்கணும். முதல் தடவ எடுத்தது கணக்கில்ல. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா போதும். மேல் கோட்ட தாண்டி ஊத்தாதீங்க, நிறைய இருந்தா நல்லதுதானேன்னு நெனைக்கறாங்க, உள்ள சுத்தற கிராங்க் அத அடிச்சு நுரையாக்கிடும், நுரை வழவழப்பு குடுக்காது. ஊத்தாமலே அளவு ஏறினா, அதுலயும் பிஎஸ்6னு சொல்ற புது புகை விதிக்கு செஞ்ச டீசல் வண்டில சிட்டிலயே ஓட்டறவங்க கவனிங்க, சைலன்சர் ஃபில்டர் கரிய எரிக்க போற டீசல் கொஞ்சம் ஆயில்ல இறங்கும், மோந்து பாத்தா டீசல் வாடை அடிக்கும், அப்போ தேதிக்கு காத்திருக்காதீங்க. புது வண்டி முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்ல கொஞ்சம் ஆயில் குடிக்கறதும் உண்டு, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ குச்சிய பாருங்க.

முதல் ஆயிரத்துலயே மாத்தணுமா? அம்பாசடர், பத்மினி காலத்துல மாத்துவாங்க, உள்ள தேயற இரும்புத்தூள் வரும்னு. இப்போ நிறைய கம்பெனி ஆயிரத்துல சும்மா பாத்து அனுப்பறாங்க, சிலர் ஃபேக்டரில ஊத்தின ஆயில அவசரப்பட்டு வடிக்காதீங்கன்னே சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் மாத்துங்கறார், நான் புஸ்தகத்த பாருங்கறேன், இதுல எங்களுக்குள்ள இன்னும் சண்டை முடியல.

அப்புறம் மீட்டர்ல அந்த சிவப்பு விளக்கு, கிண்டி மாதிரி மூக்குல ஒரு சொட்டு ஒழுகற மாதிரி இருக்கும். அது ஆயில் மாத்தச் சொல்ற ஞாபகம்னு நெனைச்சு சாயந்திரம் வரைக்கும் ஓட்டிட்டு வர்றவங்க இருக்காங்க. இல்லவே இல்லங்க. ஆயில் பிரஷர் இல்லன்னு அர்த்தம், ஓரமா நிறுத்தி அந்த நிமிஷமே ஆஃப் பண்ணணும். மாத்தச் சொல்றது ஸ்பேனர் படமா வரும், இல்லன்னா எழுத்தா வரும், அதுவும் சின்ன வண்டில வெறும் நாளும் கிலோமீட்டரும் எண்ணிட்டு தான் இருக்கும், போன தடவ மெக்கானிக் ரீசெட் பண்ண மறந்திருந்தா அதுவும் தப்பா தான் காட்டும். எலக்ட்ரிக் கார் வெச்சிருக்கறவங்க இவ்வளவு நேரம் கேட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு என்ஜின் ஆயிலே இல்ல.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு விரல் காட்டறார், ரெண்டு நிமிஷம். நான் டூப்ளிகேட் ஆயில் பத்தியும் பழைய ஆயில் பத்தியும் பேசணும்னு எழுதி வெச்சிருந்தேன், டீச்சரம்மா எல்லா நேரத்தையும் சாப்பிட்டுட்டாங்க. சுருக்கமா சொல்லிடறேன். ஆயிலோட ஃபில்டரும் சேத்து மாத்துங்க, கீழ போல்ட்டுக்கு வாஷர் புதுசு கேளுங்க. கேன உங்க கண் முன்னாடி சீல் உடைக்க சொல்லுங்க, ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற நம்பர், 5 டபிள்யூ 30ஆ 0 டபிள்யூ 20ஆ எதுன்னு புஸ்தகத்துல இருக்கறதோட ஒத்து பாருங்க. காலி கேன அப்படியே பழைய பேப்பர்காரர்கிட்ட போடாதீங்க, அத வாங்கி மட்டமான ஆயில் ரொப்பி மறுபடி விக்கறவங்க இருக்காங்க, கேன்ல ஆணியால ஒரு ஓட்டை போட்டு லேபிள கிழிச்சுட்டு போடுங்க. வடிச்ச ஆயில சாக்கடையில... சரி சரி, கைய ஆட்டறார். சாக்கடையில ஊத்தாதீங்க, ஒர்க்ஷாப்லயே குடுத்துடுங்க, அவங்க அத எடுத்துக்கறவங்களுக்கு குடுப்பாங்க. ஆயில் மாத்தின அன்னிக்கே தேதியும் கிலோமீட்டரும் அந்த ஆவரேஜ் ஸ்பீடும் ஒரு நோட்டுல எழுதுங்க, போன்ல இல்ல, போன் மாத்திடுவீங்க, நோட்டுல. வரேங்க, வணக்கம்.