வாட்ஸ்அப் கால் போகுது, 108-க்குப் போக மாட்டேங்குது: ஏன்?

(திரையில்: இருட்டு, மழைச் சத்தம், சுவத்துல மோடத்தோட பச்சை விளக்கு)

ராத்திரி 11:30 மணி. விடாத மழை. எங்கப்பா கட்டில்ல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். பனியன் முழுக்க வேர்வை. நான் போனை எடுத்து 108 அழுத்துறேன். போகல. மறுபடியும் அழுத்துறேன். போகல. டவர் சிக்னல் இருக்கவேண்டிய இடத்துல ஒரு கோடுகூட இல்ல. ஆனா பக்கத்துலயே வைஃபை முழுசா இருக்கு. அந்த நிமிஷம் நான் நினைச்சா லண்டன்ல இருக்கறவங்க முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியல!

வணக்கம் மக்களே. சேரம்பாடியிலேருந்து பேசறேன். நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா, அந்தப் பக்கம் கேரளா. எங்க லைன் வீடு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, பள்ளத்துல இருக்கு. டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம். போன் பேசணும்னா தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறணும், 5 நிமிஷ நடை. அன்னைக்கு ராத்திரி அந்த மேட்டுல யானை நின்னுட்டு இருந்துச்சு. கிளை ஒடிக்கிற சத்தம் வீட்டுக்குள்ள கேக்குது. ஏற முடியுமா?

கோயம்புத்தூர்ல எங்க அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அடிச்சேன். உடனே எடுத்துட்டா. அவ வீட்டுல ரெண்டு போன். இன்னொரு போன்ல அவ 108-க்கு அடிச்சா. தமிழ்நாடு முழுக்க 108-க்கு ஒரே ஏற்பாடுதான், அதனால கோயம்புத்தூர்லேருந்து கூப்பிட்டாலும் சேரம்பாடிக்கு வண்டி அனுப்பிடலாம். ஒரு காதுல நான், ஒரு காதுல அவங்க. "டேய் தம்பி, பேக்டரி தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும்?" நான் சொல்றதை அவ அப்படியே அங்க சொல்றா. வண்டி வந்து நிக்கிற வரைக்கும் ரெண்டு போனையும் அவ கீழ வைக்கல.

அப்பா இப்ப நல்லா இருக்கார். இந்த வீடியோவுக்கு லைட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதே அவர்தான்.

ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. அக்காவுக்குப் போன கால் ஏன் 108-க்குப் போகல?

பதில் ரொம்ப எளிமையானது. வாட்ஸ்அப் கால், டெலிபோன் கால் கிடையாது. அது ஒரு கம்பெனியோட காம்பவுண்டுக்குள்ளயே நடக்கிற பேச்சு. நீங்களும் உள்ள இருக்கணும், நான் கூப்பிடுற ஆளும் உள்ள இருக்கணும். 108, 112, ஆஸ்பத்திரி லேண்ட்லைன் எல்லாம் காம்பவுண்டுக்கு வெளிய, டெலிபோன் வலையில இருக்கு. அவசரச் சேவை எண்களுக்கு இதுல கூப்பிட முடியாதுன்னு வாட்ஸ்அப்பே விதிமுறையில எழுதி வச்சிருக்கு. நம்மள்ல எத்தனை பேர் அதைப் படிச்சோம்?

வரலாறு கொஞ்சம், வேகமா சொல்லிடறேன். 2003-ல ஸ்கைப் வந்துச்சு. மென்பொருளை எழுதினது எஸ்டோனியாக்காரங்க. உள்ளுக்குள்ள பேசினா இலவசம், சாதாரண போன் நம்பருக்குப் பேசினா காசு. அந்தக் காசுதான் காம்பவுண்ட் கேட்டைத் திறக்கிற கூலி. 2011-ல மைக்ரோசாப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கினாங்க. 2015-ல வாட்ஸ்அப் குரல் கால் கொண்டுவந்துச்சு. 2016 செப்டம்பர் 5 ஜியோ வந்துச்சு, டேட்டா தண்ணியா ஓடுச்சு. 2025 மே 5 ஸ்கைப்பை இழுத்து மூடிட்டாங்க. நடுவுல நம்ம நாட்டுல ஒரு நல்ல சண்டை நடந்துச்சு. 2014 டிசம்பர்ல ஏர்டெல், இன்டர்நெட் காலுக்குத் தனிக் காசு வாங்கப்போறோம்னு அறிவிச்சாங்க. ஜனங்க கொதிச்சதுல சில நாள்லயே வாபஸ். அடுத்த வருஷம், போன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையமான டிராய் இதைப் பத்திக் கருத்து கேட்டப்ப 10 லட்சத்துக்கு மேல ஈமெயில் போச்சு. அந்த ஈமெயில் அனுப்பின ஒவ்வொருத்தருக்கும் எங்க லைன் சார்பா நன்றி. அன்னைக்குத் தனிக் காசுன்னு ஆகியிருந்தா இலங்கையில இருக்கிற எங்க அத்தை குரல் எங்க வீட்டுக்கு வந்திருக்காது.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். இதைச் சொல்லத்தான் ஒரு வாரமா காத்துக்கிட்டு இருந்தேன். ஸ்கிப் பண்ணாதீங்க.

எங்க அத்தை இருக்கிறது ஹட்டன்ல. இலங்கை மலைநாடு. 1964-ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆளுங்களைப் பங்கு பிரிச்சாங்க. எங்க தாத்தா குடும்பம் இந்தப் பக்கம். கல்யாணமாகி இருந்த அத்தை அந்தப் பக்கம். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் இங்க அரசு தேயிலைத் தோட்டம். எங்கப்பாவுக்கு அப்ப சின்ன வயசு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அக்கா தம்பிக்கு நடுவுல வெறும் கடுதாசிதான். எஸ்டிடி பூத் வந்தப்ப, மீட்டர்ல சிவப்பு நம்பர் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே பேசுவாராம் அப்பா. "பேச்சு ஞாபகம் இல்லடா, நம்பர் ஓடினதுதான் ஞாபகம் இருக்கு"ன்னு இப்பவும் சொல்வார்.

இப்ப தினமும் சாயங்காலம் அத்தை வீடியோ காலில் வந்துடும். வந்ததும் முதல் வார்த்தை: "சாப்பிட்டியா கண்ணு?"

இந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல ஏறக்குறைய ஒரு செகண்ட் ஆகும். அந்த ஒரு செகண்டை போன் 50 துண்டா வெட்டுது. ஒரு துண்டு 20 மில்லிசெகண்ட். ஒவ்வொரு துண்டையும் சுருக்கி, ஒரு பொட்டலமா கட்டி, மேல விலாசம் எழுதித் தனித்தனியா அனுப்புது. செகண்டுக்கு 24,000 பிட் வேகத்துல சுருக்கினா, ஒரு பொட்டலத்துக்குள்ள இருக்கிற குரல் 60 பைட் (8 பிட் சேர்ந்தா ஒரு பைட்). இதே "சாப்பிட்டியா கண்ணு"ன்னு டைப் பண்ணி அனுப்பினா எத்தனை பைட்னு உக்காந்து எண்ணிப் பார்த்தேன். 52. அதாவது, முழு வாக்கியத்தையும் எழுத்தா அனுப்புற இடத்துல, அத்தை குரலோட 50-ல ஒரு பங்குகூட முழுசா உக்காராது!

(திரையில்: தரையில சாக்பீஸால கோடு, 50 கட்டம்)

பள்ளிக்கூடத்துல மாத்திரை படிச்சது ஞாபகம் இருக்கா? குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைக்கிற நேரம், கைநொடிக்கிற நேரம். குரலை நேரமா வெட்டி அளக்கிற வேலையை நம்ம இலக்கணம் எப்பவோ பண்ணிடுச்சு, போன் இப்ப பண்ணுது. சாதாரணமா பேசறப்ப ஒரு குறில் 100 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சிடும். அப்ப ஒரு குறிலுக்கு நாலஞ்சு பொட்டலம்னு வைங்க.

வழியில ஒரு பொட்டலம் தொலைஞ்சா? திரும்ப அனுப்புன்னு கேக்க நேரம் இல்ல. லேட்டா வந்தாலும் தூக்கிப் போட்டுடும். பந்தி எழுந்திரிச்சப்புறம் வர்ற சாம்பார் யாருக்கு? அதனால போன் ஒரு வேலை பண்ணுது. முன்னாடி வந்த சத்தத்தைக் கொஞ்சமா இழுத்து அந்த ஓட்டையை மூடிடுது. ஒண்ணு ரெண்டு தொலைஞ்சா நமக்குத் தெரியவே தெரியாது. வரிசையா தொலைஞ்சாதான் அந்த ரோபோ குரல் வருது.

தமிழுக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, ஒரு ஆபத்தும் இருக்கு. அதிர்ஷ்டம் என்னன்னா வல்லின ஒற்று. "சாப்பிட்டியா"ல அந்த "ட்" சொல்றப்ப என்ன சத்தம் வருது? இப்பவே சொல்லிப் பாருங்க. ஒரு சத்தமும் வரல இல்ல? நாக்கு மேல ஒட்டி, காத்து அடைச்சு நிக்குது. அது மௌனம். அந்த இடத்துல பொட்டலம் தொலைஞ்சா தொலைஞ்சது மௌனம்தான், யாருக்கும் நஷ்டம் இல்ல.

ஆபத்து குறில் நெடில்ல இருக்கு. ஓட்டையை மூட போன் சத்தத்தை இழுக்குது இல்ல? அப்ப குறில் நெடிலாகிடலாம். ஒரு தடவை அத்தை "இன்னைக்கு மலைக்குப் போகல"ன்னு சொன்னுச்சு. அங்க மலைக்குப் போறதுன்னா கொழுந்து பறிக்கப் போறது. வேலைக்குப் போகலன்னு அர்த்தம், உடம்பு சரியில்ல. அப்பா காதுல விழுந்தது "மாலைக்குப் போகல". எந்தச் சாவு மாலை, யார் செத்தாங்கன்னு அப்பா பதறிட்டார். ஒரு நிமிஷம் ரெண்டு நாடும் குழம்பிப் போச்சு.

சத்தத்துல இன்னொரு விஷயமும் இருக்கு. பழைய டெலிபோன், செகண்டுக்கு 300-லேருந்து 3,400 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரைக்கும் இருக்கிற சத்தத்தைத்தான் கொண்டுபோகும். "ஸ்", "ஃப்" சத்தத்தோட உயிர் பெரும்பாலும் அதுக்கு மேலதான். அதான் லேண்ட்லைன்ல "எஸ்ஸா, எஃப்பா? சங்கருக்கு வர்ற எஸ்ஸா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். இன்னைக்கு இன்டர்நெட் கால்ல பரவலா இருக்கிற, குரலைச் சுருக்குற ஓபஸ்ங்கற முறை, 2012-ல தரப்படுத்தினது, 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொண்டுபோகும். அதுல பாதி ஸ்கைப்காரங்க எழுதின சில்க்ங்கற முறை. ஸ்கைப்பை மூடியாச்சு. ஆனா நீங்க கூகுள் மீட்ல பேசறப்ப அவங்க வேலை இன்னும் உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு.

அத்தை வீட்டுப் பின்னாடி சேவல் கூவினா எங்க வீட்டுச் சேவல் பதில் கூவுது. எஸ்டிடி பூத்துல இது நடக்குமா?

ஒரே ஒரு வார்த்தைச் சண்டை மட்டும் இன்னும் தீரல. அங்க "கோல் எடுக்கிறது"ன்னா போன் பண்றது. இங்க "கால் எடுக்கிறது"ன்னா வர்ற போனை எடுத்துப் பேசறது. அத்தை "நான் கோல் எடுத்தேன், நீ ஏன் எடுக்கல?"ன்னு கேக்கும். அப்பா "நீ எப்ப எடுத்தே, நான்தானே எடுக்கணும்?"னு கேப்பார். இலங்கையில சொந்தம் இருக்கிறவங்க கமெண்ட்ல வாங்க, உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க.

சரி, அந்த ராத்திரிக்குத் திரும்புவோம். இன்னைக்கு என் கையில என்ன மாத்திருக்கேன்னு சொல்றேன்.

முதல்ல வைஃபை காலிங். இது வாட்ஸ்அப் இல்ல. உங்க சிம் கம்பெனியே தர்றது. இந்தியாவுல ஏர்டெல் 2019 டிசம்பர்ல கொண்டுவந்தாங்க, ஜியோ 2020 ஜனவரியில. போன் உங்க வீட்டு வைஃபை வழியா ஒரு பூட்டுப்போட்ட சுரங்கம் தோண்டி சிம் கம்பெனியோட டெலிபோன் வலைக்குப் போய்ச் சேர்ந்துடுது. காம்பவுண்ட் பிரச்சனையே இல்ல. பக்கத்து வீட்டு ஜீப்காரர், பந்தலூர் ஆஸ்பத்திரி லேண்ட்லைன், யாரை வேணும்னாலும் அவங்க சாதாரண நம்பர்ல கூப்பிடலாம். டவர் இல்லாத பள்ளத்துல இருக்கிறவங்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லன்னு நான் நினைக்கிறேன். பல போன்ல அது அணைச்சே கிடக்குது, என் போன்லயும் அன்னைக்கு அப்படித்தான் கிடந்துச்சு. செட்டிங்ஸ்ல மேல தேடுற இடத்துல "வைஃபை காலிங்"னு அடிங்க, வந்ததும் ஆன் பண்ணுங்க. வீடியோவை நிறுத்திட்டுப் பண்ணிட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்.

ரெண்டாவது, போன்ல "அவசர அழைப்பு மட்டும்"னு வந்தா கைவிட்டுடாதீங்க. உங்க கம்பெனி டவர் இல்ல, ஆனா வேற கம்பெனி டவர் எட்டுதுன்னு அர்த்தம். 112 அடிங்க. அது எந்தக் கம்பெனி டவர் வழியாவும் போகும்.

அப்புறம் கரண்ட். பழைய லேண்ட்லைனுக்கு வீட்டுக் கரண்டே தேவையில்ல, தெரியுமா? எக்சேஞ்ச்ல இருக்கிற பேட்டரியிலேருந்து 48 வோல்ட், பேச்சு வர்ற அதே செம்புக் கம்பியில வந்துடும். ஊரே இருட்டா இருந்தாலும் ரேஷன் கடை போன் அடிச்சதுக்குக் காரணம் அதுதான். இப்ப வர்றது கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் வரும், கரண்ட் வராது. வீட்டுல கரண்ட் போனா மோடம் அணையும், மோடம் அணைஞ்சா அக்காவும் இல்ல, வைஃபை காலிங்கும் இல்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டினது இதே மாவட்டத்துலதான். அந்த மாதிரி நாள்ல கரண்டை நம்பி இருக்க முடியாது. மோடத்துக்குன்னே சின்ன யூபிஎஸ் விக்கிறாங்க, உள்ளங்கை அளவு. நாங்க ஒண்ணு வாங்கி மாட்டிட்டோம்.

செய்தி ஒண்ணு. 2025 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. பதிவு பண்ணின சிம் அந்தப் போனுக்குள்ள இருந்தாத்தான் வாட்ஸ்அப் மாதிரி செயலிகள் வேலை செய்யணும், அதுக்கு 90 நாள் கெடு. மோசடிக்காரங்களைப் புடிக்கத்தான். டிஜிட்டல் அரெஸ்ட்னு பயமுறுத்திப் பணம் பறிக்கிறாங்க, அதைத் தடுத்தே ஆகணும், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா எங்க லைன்ல பல வீட்டுல சிம் கழட்டின பழைய போன் ஒண்ணு வைஃபையில வீட்டுப் போனா நிக்குது, வயசானவங்களுக்காக. உங்க வீட்டுலயும் அப்படி இருந்தா அதை நம்பி இருக்காதீங்க. அந்த நம்பரோட சிம்மை அதுக்குள்ளயே போட்டு வைங்க.

மோடத்துக்கு மேல சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கேன், இதோ பாருங்க. ஜீப்காரர் நம்பர், ஆஸ்பத்திரி நம்பர், வனத்துறை நம்பர், அக்காவோட ரெண்டு நம்பர். கீழ எங்க வீட்டுக்கு வர்ற வழி நாலு வரியில. பேக்டரி தாண்டி இடது, மாரியம்மன் கோயில், ரெண்டாவது லைன், நீலக் கதவு. பதட்டத்துல வழி சொல்ல வாய் வராது மக்களே, அதைப் படிச்சா போதும்.

இப்ப நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். பந்தலூர், கூடலூர், கோத்தகிரி, மஞ்சூர்னு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, உங்க ஊர்ல எந்தப் பள்ளத்துல சிக்னல் இல்ல, அங்க எத்தனை வீடு இருக்கு, பக்கத்து மேடு எவ்வளவு தூரம்னு கமெண்ட்ல எழுதுங்க. ஒவ்வொண்ணா பேப்பர்ல எழுதிக்கிட்டு இருக்கேன். எங்க ஊராட்சியோடதை அக்டோபர் 2 கிராம சபையில நானே எழுந்து வாசிக்கிறேன். மத்த ஊர்க்காரங்களுக்கு அவங்கவங்க பட்டியலை அனுப்பிடறேன், உங்க சபையில நீங்க வாசிங்க. அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.