பூட்டிக் கிடந்த வளவில் நாங்கள் இருவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீடுகளைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு வீடுதான், அதைப் பற்றியே பேசுகிறேன். காரைக்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, செட்டிநாட்டில் ஒரு சிறிய ஊர். அங்கே என் கணவருடைய ஐயா, அதாவது அவருடைய அப்பாவின் அப்பா, கட்டிய வீடு. 26 வருடம் பூட்டிக் கிடந்தது. நானும் அவரும் அதைத் திறந்து, ஒன்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டு, இப்போது அதில்தான் குடியிருக்கிறோம்.

எங்களை நாட்டுக்கோட்டை நகரத்தார் என்பார்கள். பெயரிலேயே கோட்டை இருக்கிறது. வீட்டைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போகும். முன்வாசல் படியில் நின்றால் உள்ளே அத்தனை கதவுகளையும் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் ஒரு அகல் விளக்குபோலத் தெரியும். தரை மட்டமோ தெருவைவிட நல்ல உயரம். எங்கள் முன்னோர் வாழ்ந்த பூம்புகாரைக் கடல் கொண்ட பயம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு தம்பதிக்கு என்ன இடம் தெரியுமா? வளவைச் சுற்றி வரிசையாக இருக்கிற அறைகளில் ஒரு அறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு அறையும் சாமானும் கொடுத்துத் தனி அடுப்பு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைதான், ஆனால் உலை தனித்தனி. கோயில் கணக்கிலும் அப்படித்தான். எங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் ஆனதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தங்கள் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். இரண்டு பேர் சேர்ந்துதான் ஒன்று. இந்தக் கணக்கை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். ஆனால் அதன் பொருள் இந்த வீட்டு வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரி, இப்படிப்பட்ட வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? வாழ வைத்தது பர்மா. தூணுக்கும் கதவுக்கும் தேக்கு அங்கிருந்துதான் கப்பலில் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது பலர் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். 1948-இல் அங்கே நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் வந்தது. அங்கே இருந்த வட்டித் தொழிலும் வயலும் போன பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். வீடு மட்டும் ஊரில் நின்றது. அப்புறம் பங்கு. ஐயா ஒருவர் கட்டிய வீட்டுக்கு இன்று 31 பேர் பங்காளிகள். 31 பேருக்கும் சொந்தமான வீட்டைப் பெருக்க ஒருவரும் இல்லை. ஓடு சரிந்தால் யார் ஆள் விடுவது? ஆளுக்கு எவ்வளவு? அதைப் பேசி முடிப்பதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும்.

எங்கள் வீட்டைத் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வளவில் கால் வைத்ததும் வௌவால் வாடை. முற்றத்தில் முழங்கால் அளவு சருகு. மேலே கூரை ஓரத்தில் ஒரு அரசங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வேர் சுவருக்குள் இறங்கியிருந்தது. ஒரு அறையில் என் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைச் சாமான் எல்லாம் அடுக்கினபடி இருந்தது. அதன்மேல் ஒழுகிய தண்ணீரால் பச்சைப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. என் கணவர் அப்படியே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

அடுத்த வாரமே பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. முகப்புக் கதவுக்கு ஒரு விலை, வளவுத் தூண்களுக்கு ஒரு விலை சொன்னார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கடைகளில் கிடக்கிற தூணும் நிலையும் எங்கிருந்து வந்தவை என்று. என் கணவர் சொன்னார், "ரெண்டு தூணைக் கொடுத்தால் கூரையைச் சரிபண்ணிடலாமே, மத்ததாவது நிக்கும்." நான் சொன்னேன், "தூணை வித்து ஓடு போட்டால் அந்த ஓடு எதுமேல நிக்கும்?" மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. நாலாவது நாள் அவராகவே சென்னை வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார், "அங்கேயே போய் இருந்திடுவோம்." அந்த வாடகையும் அவருடைய ஓய்வூதியமும்தான் இந்த ஒன்பது வருடச் செலவு.

பங்காளிகளிடம் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. பாகம் கேட்கவில்லை, விலைக்கும் கேட்கவில்லை, பராமரிக்க மட்டும் சம்மதம் கொடுங்கள் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். 31 கையெழுத்துக்கு இரண்டு வருடம் ஆனது. சுவர் என் வேலை.

முதலில் கூரை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் கூரை. தரை உடைந்திருக்கட்டும், கதவு தொங்கட்டும், பெயின்ட் பக்கமே போக வேண்டாம். எங்கள் வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு அடுக்கடுக்காக இருக்கிறது. அதைப் பூனையும் மயிலும் தள்ளிவிடும். ஒரு ஓடு நகர்ந்தால் அந்த இடத்தில் மழை இறங்கும். கீழே ஓட்டைத் தாங்குகிற கைமரம் ஊறும், அப்புறம் கரையான். அந்தக் காலத்தில் வருடா வருடம் மழைக்கு முன்னால் ஆளை ஏற்றி, நகர்ந்ததைத் தள்ளி, உடைந்ததை மாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் 26 வருடம் யாரும் ஏறவில்லை.

அரசங்கன்றைப் பிடுங்கப் போன பையனைத் தடுத்தவர் எங்கள் கொத்தனார். எழுபது வயது தாண்டியவர். "பிடுங்காதே, சுவரும் சேர்ந்து வரும். மட்டமா வெட்டு. இணைப்பைத் திறந்து வேரைக் கொஞ்சம் கொஞ்சமா எடு" என்றார். அந்த ஒரு கன்றுக்கு ஐந்து நாள் ஆனது. எடுத்த இடத்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தோம்.

இந்தக் கொத்தனாரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அவர் வருவதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வளவின் வடக்குச் சுவரைக் கொடுத்திருந்தோம். பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசிக் கொடுத்தார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இரண்டு மழை போனது. சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, அப்பளம்போலப் பொரிந்து பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே இருந்த நூறு வருடச் செங்கல்லைக் கையால் தொட்டால் மாவாக உதிர்ந்தது.

கொத்தனார் வந்து அந்தச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். "ஆச்சி, இங்க வந்து தட்டிப் பாருங்க" என்றார். பக்கத்துச் சுவரில் பழைய பூச்சைத் தட்டினால் கல்லைத் தட்டுகிற சத்தம். சிமென்ட் பூசிய இடத்தில் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். அதற்குப் பிறகு நான் ஒரு மாதம் வீடு முழுவதும் தட்டிக்கொண்டே திரிந்தேன். எங்கே நல்ல பூச்சு, எங்கே விட்டுப்போன பூச்சு என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் கை தானாகச் சுவரைத் தட்டுகிறது.

ஏன் அப்படி ஆகிறது? ஈரத் துணியைக் கொடியில் போட்டால் காய்ந்துவிடும். அதையே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் நாறும். அவ்வளவுதான் விஷயம். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளேயே நின்ற ஈரம் செங்கல்லில் இருக்கிற உப்பைக் கரைத்து, மேலே கொண்டுவந்து, அங்கே உறைந்து பூச்சைத் தள்ளுகிறது.

சுண்ணாம்பு இன்னொரு விதத்திலும் எனக்குப் பிடித்தது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, தண்ணீரில் போட்டு நீற்றுகிறோம். தண்ணீர் பட்டதும் கொதிக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. அதைக் குழியில் ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, சுவரில் பூசினால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிவிடும். அவசரப்பட்டால் நடக்காது. கொத்தனார் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் எங்களைக் காத்திருக்க வைத்தார். கடுக்காயை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெல்லம் கரைத்துப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரில்தான் கலவை. கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய்போல அரைக்க வேண்டும். அதில் முட்டை வெள்ளைக் கரு சேரும். அம்மியில் அரைத்தது நான், முட்டை உடைத்தது என் கணவர். வாழ்நாளில் சமையல்கட்டுப் பக்கம் வராதவர், உட்கார்ந்து மஞ்சள் கரு ஒரு சொட்டுக்கூட விழாமல் பிரித்தார். மஞ்சள் கருவெல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போனது.

பூசி முடித்ததும் வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். கை ஓய்ந்துபோகும். "முகம் தெரியுற வரைக்கும் தேய்க்கணும் ஆச்சி" என்பார் கொத்தனார். ஒரு நாள் மாலை முற்றத்து வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரில் நிழலாகத் தெரிந்தோம். அவர் என்னைப் பார்த்து, "எங்க அப்பத்தா இந்தச் சுவர்ல சாஞ்சுதான் உட்காருவாங்க, கோடையிலகூட ஜில்லுனு இருக்கும்னு சொல்லுவாங்க" என்றார். போய் முதுகைச் சாய்த்துப் பார்த்தார். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

நேரம் ஓடிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அது சூளையில் சுடுகிற ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்டை ஊற்றி, மேலே மணல் சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்வது. சிமென்டைத் திட்டினேனே, தரைக்கல்லில் அது அருமையான சரக்கு. சுவரில்தான் ஆகாது. உடைந்த கல்லுக்கு ஈடாக ஆத்தங்குடியிலேயே அதே பூவைப் போட்டுத் தந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சில வீடுகள் விடுதியாகியிருக்கின்றன. நல்லதுதான், கூரை தப்பிக்கிறது. முட்டுக்காட்டுப் பக்கம் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்த்தார்கள். ஆனால் பட்டியலில் இருக்கிற ஊரிலும் ஓடு நகரத்தான் செய்யும்.

முற்றத்து மழைத் தண்ணீர் ஊரணிக்குப் போகிற வாய்க்காலைத் திறந்த கதையைச் சொல்ல நேரமில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இது ஆவணி மாதம். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடு இருந்தால், பங்கு யாருக்கு எவ்வளவு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஆளைக் கூரைமேல் ஏற்றி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற புதன்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறோம்.

வணக்கம்.