தடைக் கட்டளையை முதலில் வாசியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். போராட்டங்களைச் செய்தியாக்குகிற எங்கள் செய்தியாளர்களோடு இன்று பேசுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு போராட்டத்துக்கு நாள் குறித்தால், பல வேளைகளில் அதற்கு முதல்நாள் நீதவான் நீதிமன்றத்தில் இருந்து ஒரு தாள் வந்துவிடும். பொலிஸார் கேட்டுப் பெறுகின்ற தடைக் கட்டளை அது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணிக்கும் பல நீதிமன்றங்களில் இப்படிக் கட்டளைகள் பெறப்பட்டன. தாள் வந்த கையோடு செய்தி அறையிலும் குரல் தாழ்ந்துவிடும். 'தடை போட்டாச்சு, கொஞ்சம் அடக்கி வாசிப்பம்' என்று யாரோ ஒருவர் சொல்வார். ஆனால் கட்டளை தடுப்பது ஒன்றுகூடலை. அதைப் பற்றிய செய்தியைத் தடுப்பது பெரும்பாலும் எங்கள் மேசைதான்.

எனவே பிரதியை வாங்கி முழுவதும் வாசியுங்கள். வழமையாக இது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின் கீழ் வரும். யாருடைய பெயர்களுக்கு எதிரானது, எந்த வீதி, எந்தத் திகதி வரை என்று பாருங்கள். இந்தப் பிரிவின் கீழான கட்டளை, அமைச்சர் நீடித்தாலன்றி, 14 நாட்களுக்கு மேல் செல்லாது. அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேளாமலே பிறப்பிக்கலாம். பின்னர் அதை மாற்றவோ விலக்கவோ நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஐந்து பேருடைய பெயர் போட்ட ஒரு கட்டளையை 'போராட்டத்துக்கு நீதிமன்றம் தடை' என்று தலைப்பிட்டால், பெயர் இல்லாத ஆயிரம் பேரையும் நாங்களே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, 'அனுமதி பெறாத ஊர்வலம்' என்ற பொலிஸ் வாசகம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு கேட்பது, ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் கொடுக்கும் அறிவித்தலைத்தான், அனுமதியை அல்ல. கொடுத்தார்களா, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு எழுதினால் அந்த வாசகம் தானாகவே உதிரும்.

பழைய தணிக்கை இப்படி மறைவாக வரவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 2000 மே மாதம் அவசரகால ஒழுங்குவிதிகளைக் காட்டி உதயன் பத்திரிகை மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 19 இல் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இதெல்லாம் தெரிந்த தலைமுறை செய்தி மேசையில் இருக்கும்போது, அடக்கி வாசிக்கிறவரைக் கோழை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய தாளையும் பயப்படத் தேவையில்லாத தாளையும் பிரித்தறிய வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டமும் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்துகிற 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வேறு வகை. அவற்றின் கீழ் ஒரு தாள் வந்தால் அதே நாளில் சட்டத்தரணியிடம் போங்கள்.

இனிக் களம். ஆட்தொகையில்தான் நாங்கள் அதிகம் வழுக்குகிறோம். ஏற்பாட்டாளர் 'ஆயிரக்கணக்கில்' என்பார், பொலிஸார் 'சிலர்' என்பார்கள். இரண்டையும் போட்டுவிட்டு நடுநிலை என்கிறோம். எண்ணுங்கள். கூட்டம் நின்றால் இடத்தை அளவுங்கள்: பத்து மீற்றர் அகல வீதியில் அறுபது மீற்றர் நீளத்துக்கு ஆட்கள் என்றால் 600 சதுர மீற்றர். கைவீசி நிற்கக்கூடிய கூட்டத்தில் சதுர மீற்றருக்கு ஒருவர், தோளோடு தோள் முட்டினால் இரண்டு, இரண்டரைப் பேர். அப்படியானால் 600 இல் இருந்து 1,500 வரை. ஊர்வலம் என்றால் ஒரு மதகடியில் நின்று, ஒரு நிமிடத்தில் கடந்துபோகிறவர்களை எண்ணுங்கள். பதாகை பிடித்த முன்வரிசை நெருக்கமாகவும் வால் ஐதாகவும் இருக்கும், ஆகவே நாலைந்து தடவை வெவ்வேறு இடைவெளியில் எண்ணிச் சராசரி எடுத்து, மொத்தம் கடக்க எடுத்த நிமிடங்களால் பெருக்குங்கள். சூம் பண்ணி எடுத்த படத்தை நம்பி எண்ணாதீர்கள். அது நாற்பது பேரை நானூறாகக் காட்டும்.

எடுத்த படங்களின் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நேரமும் கமெராவும் பற்றிய உட்குறிப்புகள் கழன்றுபோகும். ஆவணமாக அனுப்பினால் தங்கும். சிவில் உடையில் நின்று படம் எடுக்கிற பொலிஸார் நல்லூரடியிலும் இருப்பார்கள், கச்சேரியடியிலும் (மாவட்டச் செயலகத்தடியிலும்) இருப்பார்கள். எங்கள் படமும் அவர்களுக்கு உதவக்கூடாது. எனவே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரோடு வரும் பிள்ளைகளின் முகத்தை மறைக்கும்போது மங்கலாக்குவது போதாது, கருப்புக் கட்டம் போடுங்கள். கைத்தொலைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் தீட்டாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரியும். படத்தை அழிக்கச் சொல்லி அழிக்கவும் நேர்ந்தால், அந்த மெமரி கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வையுங்கள். மேலெழுதாத வரை மீட்க வாய்ப்பு அதிகம்.

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி ஊரடங்குக்கு நடுவே சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. அன்றே திறந்துவிட்டார்கள் என்றாலும், தொலைபேசி அழைப்பில் செய்தியைச் சொல்லி எழுதுவிக்கிற பழைய வழக்கத்தை இளம் செய்தியாளர்கள் ஒரு தடவையாவது பழகி வைக்க வேண்டும். வானொலிக்காரருக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் தையிட்டியில் உள்ள பௌத்த விகாரை வாசலில் பௌர்ணமி தோறும் நடக்கிற போராட்டத்தைப் பாருங்கள். 'இன்றும் போராட்டம்' என்ற ஒரே வரி மாதம் தவறாமல் வரும். காணி உரிமையாளர்கள் தங்கள் உறுதிக் காணியில் (உரிமைப் பத்திரம் உள்ள காணியில்) விகாரை எழுந்திருக்கிறது என்கிறார்கள்; எத்தனை பரப்பு, எந்த உறுதி, எந்தக் கடிதத்துக்கு யார் பதில் தரவில்லை என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. ஒருவரும் தடுக்காமலே செய்தி வெறுமையாகிறது.

அந்த வெறுமையை நிரப்ப 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் காணியின் அளவீட்டுப் பிரதியையும், பொலிஸில் அன்று கடமையில் ஈடுபட்டவர்களின் எண்ணிக்கையையும் எழுத்தில் கேட்கலாம். கோரிக்கை ஒன்றுக்கு ஒரே விடயம் கேளுங்கள், ஐந்தைச் சேர்த்தால் அலுவலகம் இழுத்தடிக்க இடமிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்குங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் வரவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அடுத்த பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. திகதியைத் தவறவிட்டால் காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டிவரும். ஆகவே கோரிக்கையைக் கொடுத்த அன்றே நாட்காட்டியில் மூன்று இடத்திலும் வட்டம் போட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.