வயதைக் கேட்பதற்கு முன் நடையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மூளையில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்ததும், "இந்த வயதில் ஒப்பரேஷனைத் தாங்குவாரா?" என்றே குடும்பத்தார் கேட்கிறார்கள். தாங்குவாரா என்று கேட்பது சரி. வயதை வைத்து அதற்கு விடை தேடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

காய்ச்சலோ விழுகையோ சத்திரசிகிச்சையோ வந்தால் அதிலிருந்து மீள்வதற்கு உடலிடம் உள்ள கையிருப்பு குறைந்த நிலையையே உடல் நலிவு என்கிறோம். 2001 இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவரது குழுவினரும் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: காரணமின்றி எடை குறைதல், தீராத களைப்பு, கைப்பிடி வலு குறைதல், நடை மந்தமாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் நலிவு. அந்த ஐந்தில் வயது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நிலாவெளிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு எண்பது கடந்திருந்தது. மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளரும், பெரும்பாலும் புற்றுநோயல்லாத, மெனிஞ்சியோமா என்ற கட்டி. ஒப்பரேஷன் வேண்டாம் என்றே பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவரோ கிணற்றில் தண்ணீர் அள்ளித் தம் துணியைத் தாமே துவைப்பவர், அழைத்ததும் எதையும் பிடிக்காமல் எழுந்து வந்தார். அதே காலத்தில் வந்த இன்னொருவருக்கு அறுபத்து மூன்றுதான். சட்டைக் கழுத்து இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தொய்ந்திருந்தது. கதிரையின் கைகளை அழுத்தி இரண்டாம் முயற்சியில்தான் எழுந்தார். கண்டியில் சத்திரசிகிச்சை முடிந்து அம்மா விரைவிலேயே அடுப்படிக்குத் திரும்ப, மற்றவரோ மனக்குழப்பமும் நெஞ்சுச் சளியுமாக நெடுநாள் கட்டிலில் கிடந்தார். இருவரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆயினும், நலிந்தவர்களுக்குச் சிக்கல்களும் வைத்தியசாலையில் தங்கும் நாட்களும் கூடுகின்றன என்றே ஆய்வுகளும் காட்டுகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கை வலு குறைவதும் நடை தளர்வதும் கட்டியின் வேலையாகவும் இருக்கலாம். கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் சில நாட்களில் தணிக்கும்போது, நலிந்தவராகத் தெரிந்தவர் எழுந்து நடப்பதுண்டு. நாட்பட எடுத்தால் அதே மருந்து தொடைத் தசைகளை வலுவிழக்கச் செய்து சீனியையும் ஏற்றிவிடும். ஆகவே, நோய் தலைகாட்டுவதற்கு முந்திய மாதங்களில் அவர் எப்படி இருந்தார், சந்தைக்குத் தனியே போய்வந்தாரா, படியேறினாரா என்பதை வீட்டார்தான் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மீண்டும் சொல்கிறேன், அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஸ்கேன் படத்தில் அது பதிவாவதில்லை.

நலிந்தவர் என்றால் சிகிச்சை இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். முழுக் கட்டியையும் எடுக்காமல் துணுக்கு மட்டும் எடுத்துச் சோதிக்கலாம். கிளியோபிளாஸ்டோமா போன்ற கொடிய கட்டியிலும், முதியோருக்கு ஆறு வாரக் கதிர்ச் சிகிச்சையை மூன்று வாரமாகச் சுருக்கும் வழி உண்டு.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. சத்திரசிகிச்சைக்கு முன் உடலைத் தேற்றுவது பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். காத்திருக்கும் நாட்களில் மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றைக் குறைக்காதீர்கள். வைத்தியர் தடுக்காவிட்டால், ஒருவர் துணை நிற்க, கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியைச் செய்விக்கலாம். ஸ்டீரொய்ட் மாத்திரையை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்த வேண்டாம். நன்றி, வணக்கம்.