எத்தனை டன்னுன்னு கேக்காதீங்க, சிலிண்டர் எவ்வளவு பெருசுன்னு கேளுங்க

வணக்கம் மக்களே. சத்தம் சரியா வருதா? காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எனக்குப் பின்னாடி கெடக்குதே ஒரு குவியல், இதுல பாதி பிளந்தாச்சு, மீதி முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. விறகு பிளக்குற மெஷின் வாங்கணும்னு நினைக்குற எல்லாரும் முதல்ல கேக்குறது ஒண்ணுதான்: "எத்தனை டன் வாங்கலாம்?" டன்னுன்னா இங்க எடை இல்ல, மெஷின் கட்டையை அமுக்குற சக்தி. நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டு ஏமாந்தேன். அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

அதுக்கு முன்னாடி, மெஷின் வேணுமான்னே ஒரு தடவை யோசிங்க. உங்க கட்டை எல்லாம் நேர் நார், கணு கம்மி, ஒரு சாண் அகலம்தான்னா கோடாலியே போதும், மெஷினை விட வேகமாவும் முடியும். ஆனா மரம் வெட்டுற கோடாலியை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. அது மெலிசா இருக்கும், உள்ள போய் மாட்டிக்கும், அப்புறம் கட்டையோட சேத்துத் தூக்கித் தூக்கி அடிச்சுக்கிட்டு நிக்கணும். பிளக்குறதுக்குன்னு தலை தடிச்சு, ஆப்பு மாதிரி விரிஞ்சு, மூணு கிலோ கிட்ட இருக்குற கோடாலி தனியா வருது. அது வெட்டாது, பிரிக்கும்.

சரி, மெஷின்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. கடைக்குப் போகாதீங்க, டேப்பை எடுத்துக்கிட்டு உங்க குவியலுக்குப் போங்க. இருங்க, கேமராவைத் திருப்புறேன்... இந்தக் கட்டை, குறுக்கு 22 சென்டிமீட்டர். இது 25. இந்தா, இந்த அடிமரத் துண்டு மட்டும் 48. குவியல்ல பத்துல எட்டு 25-க்குள்ள இருந்தா, கரண்ட்ல ஓடுற அஞ்சு டன், ஏழு டன் சின்ன மெஷினே தாராளம். பெரும்பாலும் அதுங்க எடுத்துக்குற நீளம் அரை மீட்டர் அளவுதான், அதனால மரத்தை அறுக்கும்போதே அந்த நீளத்துக்கு அறுத்துக்கணும். அந்த ரெண்டு தடியனுக்காகப் பெரிய பெட்ரோல் மெஷின் வாங்கி, வருஷம் பூரா அதுக்கு ஆயில் மாத்திக்கிட்டு இருக்க வேண்டாம். அதை ஓரமா வெச்சு ஆப்பும் சம்மட்டியும் போட்டுப் பாதியாக்கிக்கலாம்.

இப்ப டன் கதைக்கு வரேன். மெஷின் மேல பெருசா 25 டன்னுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அந்த டன் எங்கிருந்து வருது? பம்பு ஆயிலை சிலிண்டருக்குள்ள தள்ளும், அந்த ஆயில் உள்ள இருக்குற பிஸ்டனைத் தள்ளும், அந்தத் தள்ளல்லதான் கத்தி மரத்துல இறங்குது. ஆயிலோட அழுத்தத்தைப் பிஸ்டனோட பரப்பளவால பெருக்குறதுதான், வேற மந்திரம் இல்ல. சிலிண்டரோட உள்விட்டம் 10 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. பாதி 5. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, அதை 3.14-ஆல பெருக்குனா 78.5 சதுர சென்டிமீட்டர். வீட்டு மெஷின்ல பம்பு அழுத்தம் சுமாரா 200 பார் இருக்கும். ஒரு பார்ங்கிறது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 78.5-ஐ 200-ஆல பெருக்குங்க: 15,700 கிலோ. அதாவது சுமாரா 16 டன்தான். அதே சிலிண்டர்ல 25 டன் வரணும்னா 300 பாருக்கு மேல போகணும். அந்தப் பம்பும், ஆயில் போற குழாயான ஹோஸும் அவ்வளவு தாங்குமான்னு கேட்டுப் பாருங்க, பதில் வராது. அப்ப மீதி ஒன்பது டன் எங்க இருக்கு? ஸ்டிக்கர்ல இருக்கு!

இதுவே சிலிண்டர் 12 சென்டிமீட்டர்னா, அதே 200 பாருக்கு 22 டன்னைத் தாண்டிடும். ரெண்டே சென்டிமீட்டர்தான் கூட. விட்டத்தோட வர்க்கத்துல ஏறுற கணக்கு இது. அதனாலதான் டன்னைக் கேக்காதீங்க, சிலிண்டர் உள்விட்டம் எவ்வளவு, பம்பு அழுத்தம் எவ்வளவுன்னு ரெண்டே கேள்வி கேளுங்கன்னு சொல்றேன். கணக்கை போன்லயே போட்டுக்கலாம்.

அடுத்தது வேகம். பெரிய சிலிண்டரை நிரப்ப ஆயில் நிறைய வேணும், அதனால சக்தி ஏற ஏற நிதானமாத்தான் நகரும். இதுக்குத்தான் ரெண்டு கட்டப் பம்புன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. கட்டை கிட்ட வர்ற வரைக்கும் ஆயிலை அதிகமா தள்ளும், அழுத்தம் கம்மி, சர்ருன்னு போகும். கத்தி மரத்துல இறங்கி எதிர்ப்பு வந்ததும் தானா மாறிக்கும்: ஆயில் கம்மி, அழுத்தம் அதிகம். அந்த நேரத்துல எஞ்சின் சத்தமே மாறும், காது கொடுத்தா தெரியும். பெட்ரோல் மெஷின் வாங்குறவங்க இது இருக்கான்னு பாத்துக்கோங்க.

இந்த ஆயில் அழுத்தம், அதாவது ஹைட்ராலிக்கே இல்லாம, கனமான சக்கரத்தைச் சுத்தவிட்டு அந்த வேகத்துல ஒரே அடியா அடிக்குற மெஷினும் இருக்கு. ரெண்டு மூணு நொடியில ஒரு கட்டை முடிஞ்சிடும். நேர் நார் மரத்துக்கு அருமை. கணு விழுந்த முறுக்கு மரம்னா முட்டிக்கிட்டு நின்னுடும், ஹைட்ராலிக் மாதிரி நின்னு நிதானமா அழுத்தாது. எனக்கு அந்த வேகம் கொஞ்சம் பயம்தான், சொல்லிடுறேன்.

கரண்டா பெட்ரோலாங்கிறது பெரிய விஷயமே இல்ல. பிளக் பாயிண்ட் பக்கத்துல இருந்தா கரண்ட், இல்லன்னா பெட்ரோல். கரண்ட் மெஷினுக்கு மெலிசான நீள ஒயரைப் போட்டு இழுத்தீங்கன்னா வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும், தடிச்ச ஒயரா போடுங்க. பெட்ரோல் மெஷினைக் கொட்டகைக்குள்ள வெச்சு ஓட்டவே கூடாது, அந்தப் புகையில ஆளே போயிடலாம்.

இப்ப என் முட்டாள்தனம் ஒண்ணு. கிட்ட வாங்க, காட்டுறேன். இந்தச் சின்ன மெஷினோட கடைசியில ஒரு திருகு தெரியுதா? கட்டைவிரல் அளவு கூட இல்ல. இது காத்து போற திருகு. ஓட்டுறதுக்கு முன்னாடி இதை ரெண்டு மூணு சுத்து தளர்த்தணும். தளர்த்தலன்னா உள்ள மாட்டுன காத்து ஒவ்வொரு தடவையும் அமுங்கி விரிஞ்சு, அமுங்கி விரிஞ்சு, ஆயில் கசியாம தடுக்குற சீல் பிஞ்சிடும். வேலை முடிஞ்சு நகர்த்தும்போது திரும்ப இறுக்கணும், இல்லன்னா ஆயில் வழியும். புத்தகத்துல போட்டிருக்கு. நான் படிக்கல. முதல் நாள் மூணு மணி நேரம் இறுக்கி வெச்சே ஓட்டினேன். மறுநாள் காலையில பாத்தா, மெஷினுக்கு அடியில தட்டு அளவுக்கு ஆயில் தேங்கி நிக்குது, மேல மரத்தூள் மிதக்குது. மெஷின் மேல தப்பே இல்ல. சீல் மாத்தித்தான் திரும்ப ஓடுச்சு.

ஆயில் கசிவுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதை மட்டும் கவனமா கேளுங்க. ஓடிக்கிட்டு இருக்குற மெஷின்ல ஹோஸ் எங்க கசியுதுன்னு கையால தடவிப் பாக்காதீங்க. ஊசி முனை ஓட்டையில வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய பாத்தா முள்ளு குத்துன மாதிரி இருக்கும், வலி கூட முதல்ல பெருசா தெரியாது. ஆனா அது உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம். ஒரு அட்டையை எடுத்து ஹோஸ் பக்கத்துல காட்டுங்க, ஆயில் பட்டா அட்டையில தெரியும்.

அதே மாதிரி, ரெண்டு கையாலயும் அமுக்குனாத்தான் ஓடுற மாதிரி வெச்சிருப்பாங்க. அது உங்க வேலையைக் கெடுக்க இல்ல, ரெண்டு கையும் கத்திகிட்ட போகாம இருக்க. ஒரு பக்கத்து லீவரைக் கயிறு போட்டுக் கட்டிட்டு ஓட்டுறவங்களை நான் பாத்திருக்கேன். வேண்டாம். இன்னொருத்தர் கட்டையைப் பிடிச்சுக்க, நீங்க லீவரை அமுக்குறதும் வேண்டாம்.

கடைசியா மரம். எந்த மெஷினா இருந்தாலும் பாதி வேலை மரத்துகிட்டதான் இருக்கு. யூகலிப்டஸ் மாதிரி நார் பின்னிக்கிட்ட மரத்தைப் பச்சையா இருக்கும்போதே பிளந்துடுங்க, காய்ஞ்சா இரும்பாயிடும். பிளந்து போட்டா சீக்கிரம் காயவும் செய்யும், பட்டை ஈரத்தை விடாது, பிளந்த முகம் விட்டுடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இறங்குனாத்தான் புகையாம எரியும். கட்டையோட ரெண்டு முனையையும் நேரா அறுங்க, சாய்வா இருந்தா வழுக்கிக்கிட்டு எகிறும். குறுக்கா போட்டு நாரை வெட்டப் பாக்காதீங்க. மெஷின் முக்கிக்கிட்டு நின்னா அஞ்சு நொடிக்கு மேல அமுக்கிப் பிடிக்காதீங்க, விட்டுட்டுக் கட்டையைத் திருப்பி வெச்சுப் பாருங்க.

இதோ, காலையிலேர்ந்து ரெண்டு தடவை முக்கிட்டு விட்ட கட்டை. கணு இந்தப் பக்கம் இருக்கு, கத்தி நேரா அது மேலயே இறங்கியிருக்கு. திருப்பி, கணுவை ஓரத்துக்குத் தள்ளி வெக்கிறேன். திருகு... தளர்த்தியாச்சு. கண்ணாடியை மாட்டிக்கிறேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேமராவையும் சேத்துத்தான்.